தர்ஸ்டன் ஏன் தடம் மாறினார்?

அமெரிக்கக் கணிதவியலாளர் வில்லியம் தர்ஸ்டன் கணிதம் எழுதும் முறையையே ஏன் மாற்றிக்கொண்டார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1972இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றவர், வெளிகளைத் தாள்தாளாகப் பிரித்துப் பார்க்கும் ஃபோலியேஷன் துறையில் அடுத்தடுத்துப் பெரிய தேற்றங்களை நிறுவினார். இனி இங்கே என்ன மிச்சம் என்று மற்றவர்கள் துறையைவிட்டே விலகினார்கள். இதை 1994இல் அவரே மனம் திறந்து எழுதினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, பிரின்ஸ்டனில் முப்பரிமாண வெளிகளைக் கையிலெடுத்தபோது, பார்க்கும் விதத்தைக் கற்றுக்கொடுப்பதையே முதன்மையாக்கினார். விரிவுரைக் குறிப்புகளைப் படியெடுத்து, வேண்டுமென்று கேட்டவர்களுக்கு அனுப்பவைத்தார். அவற்றில், 8 என்ற எண்ணைப் போன்ற வடிவமுள்ள முடிச்சைச் சுற்றியுள்ள வெளியை, முனைகள் நீக்கிய இரண்டே நான்முகிகளை ஒட்டி உருவாக்கலாம் என்று காட்டும் பகுதியை அவசியம் படியுங்கள். கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம், 1982க்கானது, அவருக்குக் கிடைத்தது. முப்பரிமாண வெளிகளை எட்டு வகை வடிவியல்களில் ஏதேனும் ஒன்றைக் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கலாம் என்ற அவருடைய வடிவியலாக்க அனுமானத்தை, 2002-03இல் வெளியிட்ட ஆய்வுரைகளில் ரஷ்யக் கணிதவியலாளர் பெரல்மான் நிறுவினார்.