புத்தகமும் விற்கிறார்கள், நன்கொடையும் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: லண்டனில் எங்கள் பங்குக் கோயிலின் வாசலருகே ஒரு புத்தகத் தட்டு இருக்கிறது. கத்தோலிக் ட்ரூத் சொசைட்டி வெளியிடும் சிறுநூல்களை அதில் அடுக்கி வைப்போம். எடுப்பவர்கள் பக்கத்துப் பெட்டியில் காசு போட வேண்டும். அதைக் கவனிக்கும் பொறுப்பைப் பங்குத்தந்தை என்னிடம் கொடுத்திருக்கிறார். மாதக் கடைசியில் எண்ணினால் எப்போதும் காசு குறைகிறது. என் கைக்காசைப் போட்டு ஈடுகட்டி வருகிறேன். “தர்ம ஸ்தாபனம்தானே, விலை எதற்கு?” என்று சிலர் என்னிடமே கேட்கிறார்கள். இதற்கிடையே நன்கொடை தரும்படியும் உயிலில் சொத்தின் ஒரு பகுதியை எழுதும்படியும் கேட்டு அந்தச் சங்கத்தின் துண்டறிக்கை வந்தது. “விற்கவும் செய்வார்கள், கையும் நீட்டுவார்களா?” என்கிறார் என் கணவர். நாங்கள் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, லண்டன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, கைக்காசு போடுவதை இந்த மாதமே நிறுத்துங்கள். தட்டில் இருக்கும் நூல்களைப் பெரும்பாலும் பங்குதான் பணம் கொடுத்து வாங்கி வைத்திருக்கும். அலுவலகத்தில் பில்லைக் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்படியென்றால் சங்கத்துக்குச் சேர வேண்டியது ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. பெட்டியில் குறைவது பங்கின் பணம். அதை நீங்கள் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருந்தால், குறைகிறது என்பதே பங்குத்தந்தைக்கோ நிதிக்குழுவுக்கோ தெரியாமல் போய்விடும். பங்குக்கு ஒரு நிதிக்குழு இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. எத்தனை நூல் போனது, எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

காசு போடாமல் எடுத்துப் போகிறவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் கொஞ்சம் வருத்தம் தெரிகிறது. யார் எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அடக்கத் திருப்பலி முடிந்து வெளியே வரும் மகள் ஒருத்தி, துக்கத்தில் இருப்பவர்களுக்கான செப நூலை எடுத்துக் கைப்பையில் வைக்கிறாள். பல வருடம் பாவசங்கீர்த்தனமே செய்யாத ஒருவர், யாரும் பார்க்காத நேரம் பார்த்து அதைப் பற்றிய நூலை எடுத்துக் கோட்டுப் பைக்குள் நுழைக்கிறார். அந்த நேரத்தில் சில்லறை தேடத் தோன்றாது. சில்லறை வைத்திருப்பவர்களும் இப்போது குறைவு. தட்டுக்குப் பக்கத்தில் கார்டு தட்டும் கருவி ஒன்று வைத்தாலே பாதிக் குறை தீரலாம். மீதிக்கு என் யோசனை இது: நோயாளிகள், மரணம், பாவசங்கீர்த்தனம், திருமுழுக்கு பற்றிய நூல்களைப் பங்குச் செலவில் இலவசமாக வையுங்கள். பீடத்து மெழுகுவர்த்திக்குப் பங்கு செலவழிக்கவில்லையா, அதுபோலத்தான். புனிதர் வரலாறு, நவநாள் போன்றவற்றுக்கு விலை இருக்கட்டும்.

சரி, இனி உங்கள் கணவரின் கேள்விக்கு வருவோம். நியாயமான கேள்விதான்.

இந்தச் சங்கத்தை 1868இல் தொடங்கியவர் ஹெர்பர்ட் வாகன் என்ற குரு. பின்னாளில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயராகவும் கர்தினாலாகவும் ஆனவர். 1872இல் அவர் சால்ஃபர்ட் ஆயராகப் போனபின் வேலை நின்றுபோனது. 1884இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தவர், பிரிட்டிஷ் மியூசியத்தில் தாவரவியலாளராக இருந்த ஜேம்ஸ் பிரிட்டன். ஒரு பென்னிக்குச் சிறுநூல் என்பதுதான் அன்றைய ஏற்பாடு. ஏழைத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலை, ஆனாலும் விலைதான். விற்பனை நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட வியாபாரம் அல்ல, பிறவியிலேயே உள்ளது. இதே பெயரில் இந்தியாவிலும் ஒரு சங்கம் திருச்சியிலிருந்து சிறுநூல்கள் வெளியிட்டு வந்தது. உங்கள் ஊர்ப் பெரியவர்களின் பழைய பெட்டிகளில் ஒன்றிரண்டு இன்னும் கிடக்கலாம்.

விலை வைப்பதால் ஒரு நிறுவனம் அறக்கட்டளை இல்லை என்று ஆகிவிடாது. மிஞ்சியதை முதலாளி என்று யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, எதற்காகத் தொடங்கியதோ அதற்கே செலவிட வேண்டும் என்பதுதான் சட்டம். இங்கிலாந்துச் சட்டத்தில் சமயப் பணியும் அறப்பணிகளில் ஒன்று. அதனால் இப்படிப்பட்ட பதிப்பகம் விற்கும் செப நூலே அதன் அறப்பணி.

அப்புறம் நன்கொடை எதற்கு? எல்லா நூலும் ஒரே மாதிரி விற்பதில்லை. செபமாலை நூல் தானாகப் போகும். சிலருக்கு மட்டும் தேவைப்படும் நூல், உதாரணமாகச் சாகும் தறுவாயில் உள்ளவரின் குடும்பத்துக்கான செபங்கள், மெதுவாகத்தான் போகும். அதற்கும் எழுதியவருக்குக் கூலி உண்டு. விசுவாசத்துக்கு முரணாக எதுவும் இல்லையென்று பார்க்க ஆள் வேண்டும். அச்சு, கிடங்கு வாடகை, தபால் எல்லாம் உண்டு. கடைக்காரருக்குக் கழிவும் தர வேண்டும். அதிகம் அச்சடித்தால் பிரதிக்கு ஆகும் செலவு குறையும், ஆனால் பணம் கிடங்கில் முடங்கும். குறைவாக அச்சடித்தால் விலை ஏறும். அசல் செலவைப் பார்த்து விலை வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தான் நன்கொடை. இந்த இடத்தில் நான் சங்கத்தின் பக்கம்தான் நிற்பேன். விற்கும் நூலை மட்டும் அச்சடிப்பது என்று முடிவெடுத்தால், வாழ்க்கையின் மிக மோசமான வாரத்தில் கோயிலுக்கு வருகிறவர் கையில் கொடுக்க ஒன்றும் இருக்காது.

வழிபாட்டு நூல்கள் விஷயம் இன்னும் சிக்கல். 2011 திருவருகைக் காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில்) புதிய ஆங்கிலத் திருப்பலி நூல் நடைமுறைக்கு வந்தது ஞாபகம் இருக்கும். 2024 திருவருகைக் காலத்தில் திருப்பலியில் வாசிக்கும் விவிலியப் பகுதிகள் அடங்கிய புதிய வாசக நூல் வந்தது. அதையும் இந்தச் சங்கம்தான் வெளியிட்டது. (அதில் உள்ள விவிலிய மொழிபெயர்ப்பின் கத்தோலிக்கப் பதிப்பு முதலில் இந்திய ஆயர்களின் ஒப்புதலோடு 2018இல் பெங்களூரில் வெளியானது. லண்டன் பீடத்தில் ஞாயிறுதோறும் வாசிக்கப்படுவது நம் பக்கத்திலிருந்து போனது என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.) இப்படிப்பட்ட பெரிய நூலுக்குப் பணத்தை முன்கூட்டியே இறக்க வேண்டும். எழுத்துக்கோப்பு, பிழைதிருத்தம், நல்ல தாள், பல வருடம் தாங்கும் பைண்டிங் என்று செலவு முதலில் போகும். எல்லாப் பங்குகளும் ஒரே சமயத்தில் வாங்குவதால் அந்த வருட வரவு துள்ளி ஏறும். ஒரு தடவை வாங்கிய பங்கு மறுபடி வாங்க எத்தனையோ வருடம் ஆகும்.

அதனால் கணக்கைப் பார்க்கும்போது ஒரு வருடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அறக்கட்டளை ஆணையத்தின் (Charity Commission) இணையதளத்தில் சங்கத்தின் பெயரைத் தேடினால் ஐந்து வருட வரவு செலவு காசில்லாமல் கிடைக்கும். வருடாந்தர அறிக்கையையும் தரவிறக்கலாம். நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள் அதைச் சமர்ப்பித்தாக வேண்டும். தாமதம் என்றால் அந்தப் பக்கத்திலேயே தெரியும். அறிக்கையில் மூன்று இடங்களைப் பாருங்கள். நூல் விற்பனை பெரும்பாலும் ‘அறப்பணி வரவு’ என்ற வரியில் இருக்கும், நன்கொடையும் உயில் பணமும் தனி வரியில் வரும். உயில் பணம் இல்லாவிட்டால் வருடம் நஷ்டத்தில் முடிந்திருக்குமா என்று கழித்துப் பாருங்கள். நஷ்டம் என்றால் அவர்கள் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாவது, கையிருப்பு. எத்தனை மாதச் செலவுக்குப் பணம் வைத்திருக்கிறார்கள், ஏன் அவ்வளவு என்று அறங்காவலர்களே எழுதியிருக்க வேண்டும். கிடங்கில் உள்ள புத்தகமும் சொத்துக் கணக்கில் சேரும், அதை ரொக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது, சம்பளம். 60,000 பவுண்டுக்கு மேல் வாங்குபவர்கள் எத்தனை பேர் என்று குறிப்பில் இருக்கும்.

கொடுப்பது என்று முடிவானால், வரி கட்டுபவர் பெயரில் கிஃப்ட் எய்ட் (Gift Aid) என்ற வரிச் சலுகைப் படிவம் நிரப்பிக் கொடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் போய்ச் சேரும். தட்டுப் பெட்டியில் விழும் காசுக்கு இது பொருந்தாது, அது பொருளுக்குக் கொடுத்த விலை. நீங்கள் இதுவரை போட்ட கைக்காசிலும் சங்கத்துக்கு ஒரு பென்னிகூடக் கூடுதலாகப் போயிருக்காது. அதே பணத்தை நேராக அனுப்பியிருந்தால் பலன் அதிகம். உதாரணமாக, சிறைக்கு அனுப்பும் பிரதிகளுக்கு மட்டும் என்று குறித்துக் கொடுத்து அவர்களும் ஏற்றால், வேறு எதற்கும் அதைத் தொட முடியாது. ஆனால் குறிக்காமல் கொடுப்பதே நல்லது என்பேன். வாடகைக்கும் தபாலுக்கும் பணம் தர யாரும் முன்வருவதில்லை.

உயில் விஷயத்தில் அவசரமே வேண்டாம். பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள் என்றால் அவர்களை முதலில் பாருங்கள். பிறகு எழுத மனம் வந்தால் ஒரு வழக்கறிஞரிடம் போய், சங்கத்தின் பதிவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் பெயரை மட்டும் எழுதிப் பிறகு குழப்பமான கதைகள் உண்டு. அறக்கட்டளைக்கு எழுதும் பகுதிக்கு வாரிசு வரி கிடையாது. வரிக்கு உட்படும் சொத்தில் 10 சதவீதமாவது அப்படிப் போனால், மீதிக்கான வரி 40இலிருந்து 36 சதவீதமாகக் குறையும்.

உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள். புரியாத வரி இருந்தால் சங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள், நன்கொடை கேட்டு எழுதியவர்கள் பதில் எழுதவும் கடமைப்பட்டவர்கள். பதில் திருப்தியாக இருந்தால் முடிந்ததைக் கொடுங்கள். திருப்தி இல்லையென்றால், பங்கின் இலவசத் தட்டுக்கே கொடுத்துவிடுங்கள்.