மறுமொழி: நவாஹோ வளையலில் உள்ள இடிப்பறவையும் பாம்பும்

வணக்கம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாங்கிய உங்கள் நவாஹோ (அங்குள்ள ஒரு பழங்குடி இனம்) வெள்ளி வளையலில் செய்தவரின் முத்திரை இல்லாததால் அது போலியா என்றும், அதில் உள்ள இடிப்பறவைக்கும் (இடியை உண்டாக்குவதாகச் சொல்லப்படும் புராணப் பறவை) பாம்புக்கும் என்ன பொருள் என்றும் கேட்டிருந்தீர்கள்.

முத்திரை இல்லாததை வைத்து மட்டும் போலி என்று முடிவு செய்ய வேண்டாம். 1940-களுக்கு முந்தைய நவாஹோ கொல்லர்களில் பெரும்பாலோர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. வளையலில் உள்ள அச்சுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். கையால் சுத்தியலில் அடித்த அச்சுகள் ஒன்றுக்கொன்று ஆழத்திலும் சாய்விலும் சிறிது வேறுபடும். எல்லாம் இம்மி பிசகாமல் ஒரே அளவாக இருந்தால் அது இயந்திர வேலையாக இருக்கலாம்.

பொருளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1899 முதல், சாண்டா ஃபே ரயில் பாதையில் உணவகங்களை நடத்திய ஃபிரெட் ஹார்வி நிறுவனம் அந்த ரயில் பயணிகளுக்காக எடை குறைந்த நகைகளைச் செய்யச் சொல்லி வாங்கியது. இடிப்பறவை பரவலானது அந்த வணிகத்தால்தான். "இந்தச் சின்னத்துக்கு இந்தப் பொருள்" என்று கடைகளில் கொடுத்த அட்டவணைகள் பெரும்பாலும் வணிகர்கள் எழுதியவை. நவாஹோ மரபில் பாம்பு அஞ்சி விலக்கப்படும் உயிரினம் என்பதால், அதை அதிர்ஷ்டச் சின்னம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

தயவுசெய்து அதை மெருகேற்றக் கொடுத்துவிடாதீர்கள். பள்ளங்களில் படிந்த கருமையே அச்சுகளை எடுத்துக்காட்டுகிறது. அது போனால் மதிப்பும் குறையும்.