வெட்டுக்கு அப்புறம்?

கேள்வி: பழிவாங்கும் படங்கள் எல்லாவற்றையும் ‘ஒரே அரிவாள், ஒரே ரத்தம்’ என்று கிண்டல் செய்கிறீர்கள். ‘அசுரன்’ என்றால் மட்டும் பாராட்டு. அதில் என்ன பூவா தூவினார்கள்? கோர்ட்டில் கிடைக்காத நீதி திரையிலாவது கிடைக்கட்டும் என்று ஏங்குகிற ரசிகன்மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு கடுப்பு?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: பூ தூவவில்லை. அதிலும் அரிவாள்தான், தாராளமாகவே ரத்தம். என் புகார் அரிவாள்மேல் இல்லை. வெட்டைக் கதையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதில்தான்.

வழக்கமான பழிவாங்கும் படத்தில் இடைவேளை வரை தங்கையோ மனைவியோ சிரித்துக்கொண்டே இருப்பார். ஒரு பாட்டு, ஒரு பிறந்தநாள். கொஞ்சம் அதிகமாகச் சிரித்துவிட்டால் ஆள் காலி என்று தியேட்டரில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். நாயகன் கையில் அரிவாளைக் கொடுத்ததோடு அவர் வேலை முடிந்தது. அப்புறம் ஒவ்வொரு ஆளாக வெட்டு, கடைசியில் பெரிய வில்லன், போலீஸ் ஜீப், வணக்கம். மறுநாள் காலையில் அந்த நாயகன் எங்கே கண்விழித்தான்? யார் ஜாமீன் எடுத்தார்கள்? செத்தவன் வீட்டில் அழுதது யார்? இதையெல்லாம் யாரும் கேட்கக் கூடாது என்றுதான் கொலையைக் கடைசி ரீலில் வைக்கிறார்கள்.

உங்கள் பக்கத்துக்காரர், எழுத்தாளர் பூமணி செய்ததைப் பாருங்கள். 1982-ல் வந்த ‘வெக்கை’ நாவலில் கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் துண்டாக்கத்தான் அந்தப் பதினைந்து வயதுப் பையன் நினைத்திருந்தான். வெட்டு விலாவில் இறங்கிவிடுகிறது. மிச்ச நாவல் முழுக்க அப்பாவும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிவதுதான். என்ன தின்பது, எங்கே படுப்பது, வீட்டுப் பெண்கள் என்ன ஆனார்கள் என்கிற கவலைதான் பக்கத்துக்குப் பக்கம். கடைசியில் சரணடையக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். பழி தீர்ந்த குதூகலத்தை அதில் தேடினால் கிடைக்காது. பசி நிறைய உண்டு.

வெற்றிமாறன் 2019-ல் அதை ‘அசுரன்’ படமாக்கியபோது இந்த வரிசையைக் கெடுக்கவில்லை. படம் தொடங்கும்போதே அப்பனும் மகனும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மூத்த மகனை மீட்பதற்காக பகையாளிகளின் ஊரான வடக்கூரில் ஒவ்வொரு ஆண் காலிலும் அப்பா சிவசாமி விழுகிறாரே, அதுதான் எனக்குப் படம். ஆனால் முழுக்கப் பாராட்ட மனம் வரவில்லை. இடைவேளைச் சண்டையில் சிவசாமி அரிவாளைச் சுழற்றியதும் தியேட்டர் அதிர்ந்தது. அந்த நேரத்துக்கு இதுவும் மற்ற படங்களோடு போய் உட்கார்ந்துகொண்டது. காலில் விழுந்தபோது அதே தியேட்டரில் ஒரு சத்தமும் இல்லை.

இன்னொரு உதாரணம், 1987-ல் வந்த ‘நாயகன்’. வேலு நாயக்கர் இன்ஸ்பெக்டரைக் கொன்றபோது கைதட்டினோம். பிறகுதான் அந்த ஆளுக்கும் மனைவி உண்டு, மனவளர்ச்சி குன்றிய ஒரு மகன் உண்டு என்று தெரிகிறது. நாயக்கரே அவர்களைத் தாங்குகிறார். கோர்ட் அவரை விடுதலை செய்தும் பலனில்லை. வெளியே வந்தவரைச் சுடுவது அந்த மகன்தான். அவன் பக்கமிருந்து பார்த்தால் இதுவும் பழிவாங்கும் படம். நாம் மறந்திருந்த ஒருவனின் கணக்கை மணிரத்னம் மறக்கவில்லை.

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன். நீதி கிடைக்காத வேதனை பொய்யில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விவசாயக் கூலிகள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதில் நிலக்கிழார்களோடு வளர்ந்த பகை அது. கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலக்கிழாரை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1980-ல் அவர் கொல்லப்பட்டார். இந்தக் கதையை நம் மசாலா டைரக்டர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். 1968-க்குப் பத்து நிமிடம், 1980-க்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவார். நெல் கூலி, விவசாயிகள் சங்கம், சாட்சிகள், தீர்ப்பில் எழுதியது எல்லாம் ‘லேக் அடிக்குது சார்’ என்று எடிட்டிங் டேபிளிலேயே போய்விடும். நீதி ஏன் கிடைக்கவில்லை என்பதைத் தூக்கிப்போட்டுவிட்டு, கிடைக்காத கோபத்தை மட்டும் ரசிகனுக்கு டிக்கெட் போட்டு விற்பார். என் கடுப்பு அவர்மேல்தான், ரசிகன்மேல் இல்லை.