தொட்டியில் இருக்கும் எண்ணெயும் திரையில் இருக்கும் எண்ணெயும்: கேள்வி பதில்

எண்ணெய்க் கம்பனிகளில் ஒருங்கிணைந்த நிதி மென்பொருள் வந்தபிறகு கணக்கின் தரம் கூடியதா குறைந்ததா என்று போன கிழமை ஒரு பேச்சு வந்தது. கேட்க விரும்புகிறவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் யார் என்று கேட்டவர்களுக்கு: கொழும்பில் எரிபொருள் கணக்கில் தொடங்கினேன், பிறகு வளைகுடாவில் இரண்டு இடங்களில் ஈ.ஆர்.பி. என்ற அந்த ஒருங்கிணைந்த மென்பொருளை நிறுவும் குழுவில் இருந்தேன், இப்போது வெள்ளவத்தையில் ஓய்வு. வேலை பார்த்த இடங்களின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு மாணவி: சேர், கணனியில் கணக்கு எழுதுவதற்கும் ஒருங்கிணைந்த முறைக்கும் என்ன வித்தியாசம்? வகுப்பில் சொன்னது விளங்கவில்லை.

ஒரு பவுசரை வைத்துப் பாருங்கள் மகள். 13,200 லீற்றர் டீசலோடு வாசலைத் தாண்டுகிறது. பழைய முறையில் களஞ்சியக்காரர் தன் பதிவேட்டில் கழிப்பார். விற்பனைப் பகுதி தனியாக இன்வொய்ஸ் போடும். கணக்குப் பகுதி மாத முடிவில் எல்லாவற்றையும் கூட்டிப் பேரேட்டில் ஏற்றும். அந்த மூன்று அறைகளும் கணனி வைத்திருந்தாலும் அது ஒருங்கிணைந்தது ஆகாது.

ஒருங்கிணைந்த முறையில் வாசலில் ஒருவர் ஒரு தடவை தட்டுகிறார். அந்த நொடியில் இருப்புக் குறைகிறது, விற்பனைக் கிரயம் ஏறுகிறது, கடன்பட்டோர் கூடுகிறது, வற் வரி ஒதுங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் அவர் 13,200ஐ 12,300 என்று மாற்றித் தட்டினால்? பிழை நான்கு கணக்கிலும் ஒரே மாதிரி ஏறும். நான்கும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். முன்பு மூன்று அறைக்காரர்களும் மாத முடிவில் சண்டை பிடிப்பார்கள், அந்தச் சண்டையில் பிழை வெளியே வரும். இப்போது சண்டை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மற்றப் பதில்களையும் வாசியுங்கள்.

வத்தளை, களஞ்சிய உத்தியோகத்தர்: சிஸ்டம் வந்த நாளில் இருந்து எங்கள் புத்தக இருப்பும் டிப் இருப்பும் (தொட்டிக்குள் கோல் அல்லது ரேப் இறக்கி அளப்பது) பொருந்துவதே இல்லை. பழைய கொப்பிக் காலத்தில் எப்போதும் பொருந்தியது. பிழை சிஸ்டத்திலா?

தம்பி, கொப்பியை எழுதியவரே டிப்பும் பார்த்திருந்தால் பொருந்தாமல் என்ன செய்யும்? அதை விடுவோம்.

உங்கள் சிஸ்டத்தில் தொன்னை லீற்றராக மாற்றும் அடர்த்தி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். கப்பல் சரக்குத் தொன்னில் வருகிறது, பவுசர் லீற்றரில் போகிறது. இடையில் ஒரு வகுத்தல் இருக்கிறது. எண்ணெய்க் கணக்கின் பாதிக் குழப்பம் அந்த வகுத்தலில்தான் குடியிருக்கிறது.

நான் இருந்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சிஸ்டம் நிறுவும்போது டீசலின் அடர்த்தியை லீற்றருக்கு 0.840 கிலோ என்று மாஸ்டர் தரவில் (சிஸ்டம் எல்லாக் கணக்குக்கும் எடுக்கும் நிலையான இலக்கங்களில்) ஒரு தடவை போட்டுவிட்டார்கள். ஆய்வுகூடச் சான்றிதழில் உள்ள இலக்கம்தான், பொய் இல்லை. ஆனால் அது 15 பாகை செல்சியஸில் உள்ள அடர்த்தி. வெயிலில் நிற்கும் தொட்டியில் 32 பாகை. அந்தச் சூட்டில் அதே டீசலின் அடர்த்தி 0.828க்குக் கிட்ட வரும். இப்போது 30,000 தொன் சரக்கை எடுத்துக் கணக்குப் பாருங்கள். 0.840ஆல் வகுத்தால் 3 கோடியே 57 இலட்சத்து 14 ஆயிரம் லீற்றர். 0.828ஆல் வகுத்தால் 3 கோடியே 62 இலட்சத்து 31 ஆயிரம். வித்தியாசம் 5 இலட்சத்து 17 ஆயிரம் லீற்றர், ஒரே கப்பலில். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் 15 கோடி ரூபாவைத் தாண்டுகிறது.

பவுசரை நிரப்பும் மீற்றர் தொட்டியின் சூட்டில் உள்ள லீற்றரைத்தான் அளந்தது. ஆகவே புத்தகம் குறைவாகத் தொடங்கியது, டிப் ஒவ்வொரு மாதமும் மிகுதி காட்டியது. மிகுதி என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? குறைந்தால்தானே விசாரணை. ‘இருப்பு மிகை’ என்று ஒரு வருமானக் கணக்கே திறந்து அதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வருடக் கணக்காக ஓடியது. கடைசியில் ஒவ்வொரு இறக்குதலிலும் சூட்டையும் அடர்த்தியையும் அளந்து, எண்ணெய் அளவைச் சூட்டுக்கு ஏற்பத் திருத்தும் ஏ.எஸ்.டி.எம். டி1250 அட்டவணைப்படி 15 பாகைக்குத் திருப்பி, வரவையும் விற்பனையையும் ஒரே அடிப்படையில் பதிய வைத்தோம். மிகுதி மறைந்தது. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த உண்மையான குறைவு தலையைக் காட்டியது. களவா கசிவா என்று தேடிப் போனால் ஒரு வால்வு சரியாக மூடாமல் இருந்திருக்கிறது.

கைக்கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: 10 இலட்சம் லீற்றர் டீசல் ஒரு பாகை சூடு கூடினால் ஏறக்குறைய 840 லீற்றர் கூடும். பெற்றோல் என்றால் 1,200 அளவில். காலை டிப்பையும் மாலை டிப்பையும் சூடு பார்க்காமல் ஒப்பிட்டுவிட்டு யாரையும் கள்வன் என்று சொல்லிவிடாதீர்கள்.

அதே துறையில் இன்னொருவர்: அப்படியானால் தானியங்கி அளவீட்டுக் கருவியை நேரடியாகச் சிஸ்டத்தோடு இணைத்துவிட்டால் பிரச்சினை தீருமா?

பெரும்பகுதி தீரும். தட்டச்சுப் பிழை போகும், நேரம் மிச்சம். ஆனால் அந்த ராடர் கருவி அளப்பது எண்ணெயின் மட்டத்தை. மட்டத்தை லீற்றராக்குவது தொட்டியின் அளவுத்திருத்த அட்டவணை. அது பழையதாக இருந்தால், அல்லது தொட்டியின் அடித்தளம் இறங்கியிருந்தால், கருவி பிழையைத் துல்லியமாக அனுப்பும். அடியில் நிற்கும் தண்ணீரைப் பார்க்க இன்னும் நீர்ப் பசை (தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை) பூசி டிப் போடுவது நல்லது. கைவிடாதீர்கள்.

வெள்ளவத்தை, எம்.பி.ஏ. மாணவர்: ‘ஒருங்கிணைந்த நிதி முறைமைகள் எண்ணெய்க் கம்பனிகளின் கணக்கீட்டுத் தகவல் தரத்தில் ஏற்படுத்தும் தாக்கம்’ என்பதுதான் என் ஆய்வு. 120 பேருக்கு வினாக்கொத்துக் கொடுக்க இருக்கிறேன். ஆலோசனை சொல்லுங்கள்.

கோபிக்க வேண்டாம். கணக்காளரிடம் ‘உங்கள் தகவலின் தரம் எப்படி’ என்று கேட்டு 1 முதல் 5 வரை கீறச் சொன்னால் எல்லோரும் 4 போடுவார்கள். தான் தயாரிக்கும் கறியைக் குறை சொல்லும் சமையல்காரர் உண்டா? அதில் கிடைப்பது திருப்தியின் அளவு, தரத்தின் அளவு அல்ல.

நிதி அறிக்கைகளுக்கான சர்வதேச எண்ணக்கரு வரைச்சட்டத்தில் தகவலுக்கு இரண்டு அடிப்படைப் பண்புகள்தான்: ஏற்புடைமை (தீர்மானம் எடுக்க உதவுவது), உள்ளதை உள்ளபடி காட்டுதல். முன்பு ‘நம்பகத்தன்மை’ என்று இருந்ததை 2010இல் எடுத்துவிட்டு இரண்டாவதைக் கொண்டு வந்தார்கள். ஒப்பிடக்கூடியதாக இருப்பது, சரிபார்க்கக்கூடியதாக இருப்பது, நேரத்துக்குக் கிடைப்பது, விளங்கக்கூடியதாக இருப்பது ஆகிய நான்கும் அவற்றுக்குத் துணை. இவற்றை எண்ணி அளக்கலாம். மாத முடிவுக்குப் பிறகு புத்தகம் மூட எத்தனை நாள்? மூடியபிறகு எத்தனை கை ஜேர்னல் (மனிதர் கையால் போடும் பதிவு)? கணக்காய்வாளர் போட்ட திருத்தங்கள் எத்தனை, எவ்வளவு தொகை? டிப்புக்கும் புத்தகத்துக்கும் இடையிலான வித்தியாசம் எத்தனை சதவீதம்? சிஸ்டத்துக்கு முன் இரண்டு வருடம், பின் இரண்டு வருடம் எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு கம்பனி இந்த இலக்கங்களைத் தந்தாலும் 120 வினாக்கொத்தை விட எனக்கு அது பெரிது. உங்கள் மேற்பார்வையாளருக்கு எப்படியோ தெரியாது, அவரிடம் பேசிக்கொள்ளுங்கள். வினாக்கொத்து கட்டாயம் என்றால், சிஸ்டத்துக்கு வெளியே எத்தனை எக்செல் கோப்பு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வியாவது சேருங்கள்.

பம்பலப்பிட்டி, கணக்காய்வுப் பயிற்சியாளர்: இப்படியான கம்பனிக்கு முதல் தடவை போகிறேன். எங்கே கை வைப்பது?

கை ஜேர்னல்களில். சிஸ்டம் தானாகப் போடும் பதிவுகள் இலட்சக்கணக்கில் இருக்கும், அவற்றில் தலையை விடாதீர்கள். மனிதர் கையால் போட்டவை, அதுவும் மாதத்தின் கடைசி இரவு போட்டவை எவை என்று கேளுங்கள். அப்புறம் சரக்கு வந்து இன்வொய்ஸ் வராமல் நிற்கும் இடைக்கணக்கு. அங்கே ஒரு வருடத்துக்கு மேல் கிடக்கும் மீதி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். மூன்றாவது, ஒரே ஆள் வழங்குநரைப் பதிந்து, அவருக்குக் கொடுப்பனவும் செய்ய முடியுமா என்று பாருங்கள். அனுமதிப் பட்டியலில் முடியாது என்றுதான் இருக்கும். ஆனால் லீவில் போன மேலாளரின் பாஸ்வேர்ட் யாரிடம் என்று தேநீர் நேரத்தில் மெதுவாகக் கேளுங்கள்.

தெஹிவளையில் இருந்து: உலகத்தின் பெரிய எண்ணெய்க் கம்பனிகளிடம் மிகச் சிறந்த மென்பொருள் இருந்தும் ஷெல் எப்படி மாட்டியது?

நல்ல கேள்வி. 2004 ஜனவரியில் ஷெல், தான் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று காட்டிய இருப்பில் 390 கோடி பீப்பாயை அந்த வகையில் இருந்து எடுத்தது. மொத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தலைவர் பதவி விலக நேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, நிலத்தடி இருப்பு எந்தப் பேரேட்டிலும் சொத்தாக நிற்பதில்லை. அது பொறியியலாளரின் மதிப்பீடு. ஆனால் கிணற்றின் பெறுமானத் தேய்வு அந்த மதிப்பீட்டை வைத்துத்தான் ஓடும். இந்த வருடம் எடுத்த பீப்பாயை, எடுக்கக்கூடிய மொத்தப் பீப்பாயால் வகுப்பார்கள். மொத்தம் ஊதிப் பெருத்திருந்தால் தேய்வு குறையும், இலாபம் கூடும். சிஸ்டம் அந்த வகுத்தலைப் பத்துத் தசம இடம் வரை பிசகாமல் செய்யும்.

நமக்கு இந்தத் தலைவலி இன்னும் வரவில்லை. மன்னார்ப் படுகையில் 2011இல் எரிவாயு கண்டார்கள், வெளியே எடுக்கவில்லை.

கொள்ளுப்பிட்டி, நிதிப் பிரிவு: 2022இல் ரூபா விழுந்தபோது சிஸ்டம் இருந்தவர்கள் தப்பினார்களா?

தப்பவில்லை, ஆனால் அடியின் அளவை நேரத்துக்கு அறிய முடிந்தது. 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி டொலர் விலையில் வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது. 200 அளவில் இருந்த டொலர் மாத முடிவில் 300ஐ நெருங்கியது. கப்பல் ஒன்றுக்கு 4 கோடி டொலர் கடன் நிற்கிறது என்று வையுங்கள். 800 கோடி ரூபாவாக இருந்த கடன் 1,200 கோடி ஆகிறது. அந்த எண்ணெயோ பழைய விலைக்கு விற்றாகிவிட்டது.

எல்.கே.ஏ.எஸ். 21 என்ற இலங்கைக் கணக்கீட்டு நியமத்தின்படி அந்தக் கடனை முடிவுத் திகதி வீதத்தில் காட்ட வேண்டும். ஒருங்கிணைந்த முறையில் எல்லாக் கடனையும் ஒரு கட்டளையில் மறுமதிப்பிடலாம். நாணய வீத அட்டவணையை யாராவது அன்றாடம் புதுப்பித்திருந்தால் மட்டும். அந்த வேலை யாருடையது என்று உங்கள் அலுவலகத்தில் நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.

மட்டக்குளி, பெற்றோல் ஷெட் வைத்திருப்பவர்: நள்ளிரவில் விலை மாறும்போது என் தொட்டியில் உள்ளதை எந்த விலையில் எழுதுவது?

அண்ணா, வாங்கிய விலையில். கூடியது என்றால் விற்கும்வரை இலாபம் எழுத வேண்டாம். வாங்கிய விலைக்குக் கீழே விற்க நேரும் அளவுக்குக் குறைந்தால், விற்று வரக்கூடிய தொகைக்கு இறக்கி நட்டத்தை உடனே எழுதுங்கள். அன்றிரவு 12 மணிக்கு டிப் எடுத்து மீற்றர் இலக்கத்தோடு படம் பிடித்து வையுங்கள், பிறகு வாக்குவாதம் வராது.

பெயர் சொல்லாத ஒருவர்: ஈ.ஆர்.பி. மென்பொருளில் சாப் நல்லதா ஒரக்கிள் நல்லதா?

இரண்டும் நல்லது. இரண்டிலும் பிழையான அடர்த்தியைப் போடலாம்.

இராஜகிரிய: கோடிக்கணக்கில் செலவழித்து சிஸ்டம் போட்டோம். ஆனாலும் எங்கள் பெடியன்கள் எக்செலை விடுகிறார்கள் இல்லை. எப்படி நிறுத்துவது?

நிறுத்த முதல் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். எங்களோடு ஒரு மூத்த எழுதுவினைஞர் இருந்தார். சிஸ்டம் வந்தும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தார். அதிகாரிகள் கண்டித்தார்கள், அவர் மேசை இலாச்சிக்குள் வைத்து எழுதினார். ஒரு நாள் அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். சிஸ்டத்தில் இல்லாத ஒரு நிரல் இருந்தது: எந்தத் தொட்டியில் இருந்து எந்தக் குழாய் வழியாக எத்தனை மணிக்கு. ஒரு குழாயில் டீசலுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் விட்டால் நடுவில் கலந்த பகுதி எங்கே போனது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். சிஸ்டம் நிறுவியவர்கள், நானும் சேர்த்துத்தான், அவரிடம் கேட்கவே இல்லை. பிறகு அந்த நிரலைச் சிஸ்டத்தில் சேர்த்தோம். இரண்டு மாதத்தில் கொப்பி தானாக நின்றது.

கொலன்னாவை: அடுத்த மாதம் ஒரு எரிபொருள் கம்பனியில் கணக்குப் பயிலுநராகச் சேர்கிறேன். முன்கூட்டியே எந்தக் கற்கைநெறி படிப்பது நல்லது?

கற்கைநெறி பிறகு பார்க்கலாம் தங்கச்சி. முதல் கிழமையில் ஒரு விடியற்காலை டிப் பார்க்கிறவரோடு தொட்டி மேல் ஏற அனுமதி கேளுங்கள். அளக்கும் ரேப் இறங்குவதையும், நனைந்த இடத்தை அவர் வாசிப்பதையும், சூட்டைக் குறிப்பதையும் பாருங்கள். கீழே வந்து அதே இலக்கம் எத்தனை மணிக்கு, யாருடைய பெயரில், எந்தத் திரையில் வருகிறது என்று தேடுங்கள். மூடிய சப்பாத்துப் போடுங்கள். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் சின்னக் கொப்பி ஒன்றும் பேனையும் கொண்டு போங்கள்.