பயிலரங்குக்குப் பாட்டியையும் அழைத்துப் போங்கள்

கேள்வி: எங்கள் மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று போன மாதம் மருத்துவமனையில் உறுதிசெய்தார்கள். வளர்ச்சியில் உதவி தேவைப்படும் சிறுபிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் தொடக்கநிலைத் தலையீட்டு நிலையத்தில் இடத்துக்குக் காத்திருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டில் பகல் முழுதும் அவனைப் பார்த்துக்கொள்வது என் மாமியார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஒரு தனியார் நிலையம் பெற்றோருக்கு இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறது, கட்டணம் ஆயிரம் வெள்ளிக்கு மேல். சேரலாமா? வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசினால்தான் பேச்சு வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழை நிறுத்த வேண்டாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் இரண்டு மொழி கேட்டு வளர்பவர்கள், ஒரே மொழி கேட்டு வளர்பவர்களைவிடப் பேச்சில் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்கள் வீட்டில் தமிழை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பகலெல்லாம் அவனோடு இருக்கும் ஒரே ஆள் வாயடைத்துப் போவார். தெரியாத மொழியில் தட்டுத்தடுமாறி நாலு சொல் சொல்வார், மற்ற நேரம் தொலைக்காட்சிதான் பேசும். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த ஒரு ஆலோசனையால் எத்தனையோ பாட்டி தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மனம் கனத்துப் போகும்.

இப்போது பயிலரங்கு. பணத்தைக் கட்ட அவசரப்படாதீர்கள். ஆட்டிசம் என்றால் என்ன, ஏன் அவன் பொருள்களை வரிசையாக அடுக்குகிறான், ஏன் மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான் என்று விளக்கும் வகுப்புகள் உண்டு. அவையும் தேவைதான். ஆனால் இவற்றுக்கு ஆயிரம் வெள்ளி கொடுக்க வேண்டியதில்லை, இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும். இன்னொரு வகைப் பயிலரங்கில் நீங்கள் உங்கள் பிள்ளையோடு விளையாடுவதை ஒருவர் பார்த்து, எங்கே கொஞ்சம் பொறுத்திருக்கலாம், எங்கே பேச்சைக் குறைக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பார். செலவழிப்பதென்றால் இதற்குச் செலவழியுங்கள். கனடாவின் ஹானன் நிலையம் வகுத்த 'மோர் தேன் வேர்ட்ஸ்' திட்டத்தில் குழு வகுப்புகளோடு, பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்துச் சேர்ந்து பார்க்கும் தனிச் சந்திப்புகளும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சி 9 குழு வகுப்புகளும் 3 வீட்டு வருகைகளும் கொண்டது. இவை ஏன் வாரக்கணக்கில் நீள்கின்றன தெரியுமா? கற்றதை வீட்டில் செய்து பார்த்து, சரிவராததை அடுத்த வாரம் வந்து கேட்க வேண்டும். சனி, ஞாயிறு உட்கார்ந்து குறிப்பெடுத்துவிட்டுத் திங்கள்கிழமை வேலைக்குப் போனால் அதற்கு வழியே இல்லை.

ஆகவே அந்த நிலையத்தைக் கூப்பிட்டு, என் மகனோடு நான் இருப்பதை யாராவது நேரில் பார்ப்பார்களா, மாமியாரும் வரலாமா, வகுப்பு முடிந்தபின் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று விசாரியுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் விட்டுவிடலாம். 'குணப்படுத்திவிடுவோம்' என்றோ, உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றும் மருந்து தருகிறோம் என்றோ யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அந்த மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாமியாரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயிற்சி அதிகம் பயன்படப்போவது அவர் கையில்தான். அன்பான பாட்டிகள் பேரன் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவார்கள். பத்து மணிக்கு மைலோ, பதினொன்றுக்கு வாழைப்பழம், முகம் கொஞ்சம் சுருங்கினால் பிஸ்கட். கேட்க வேண்டிய தேவையே அவனுக்கு வருவதில்லை. பிஸ்கட்டை மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரியும் டப்பாவில் போட்டு, அவன் கண்ணில் படும்படியும் கைக்கு எட்டாதபடியும் வைக்கச் சொல்லுங்கள். அவன் பாட்டியின் கையைப் பிடித்து இழுப்பான், அல்லது டப்பாவையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்ப்பான். அதுவும் கேட்பதுதான். அப்போது அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து, "பிஸ்கட் வேணும்" என்று அவன் சார்பில் சொல்லிவிட்டு உடனே கொடுக்க வேண்டும். திருப்பிச் சொன்னால்தான் தருவேன் என்று பிடித்துவைத்து அழவிடக் கூடாது.

அதேபோல், "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று நாள் முழுக்கத் தேர்வு வைப்பதைக் குறைக்கட்டும். அவன் கார் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து தாமும் ஒரு காரை எடுத்து, "சுத்துது, சுத்துது" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கட்டும். அந்தக் காத்திருப்புதான் கடினம். மனத்துக்குள் பத்து வரை எண்ணச் சொன்னால் பலருக்குக் கைவருகிறது. சொற்கள் வீட்டில் புழங்குபவையாகவே இருக்கட்டும்: தண்ணி, வா, போதும், இன்னும். தலையீட்டு நிலையத்தில், வேண்டியதைச் சுட்டிக்காட்டிக் கேட்கப் பட அட்டைகள் தந்தால் அதே அட்டைகளை வீட்டிலும் வையுங்கள். ஆசிரியர் ஆங்கிலத்திலும் பாட்டி தமிழிலும் சொன்னாலும் அவன் காட்டுவது ஒரே படத்தைத்தான்.

"உன் புருஷன்கூட நாலு வயசுலதான் பேசினான்" என்று மாமியார் சொல்லலாம். கண் திருஷ்டி என்றும் சொல்லலாம். வாதாடாதீர்கள். திருஷ்டி சுற்றிப் போடுவதால் யாருக்கும் கேடில்லை, பயிற்சி நிற்காமல் நடந்தால் போதும். அவன் எதற்குச் சிரிக்கிறான், எந்தச் சத்தத்துக்கு ஓடுகிறான், எப்போது தூங்குகிறான் என்று அவரையே கேளுங்கள். நிலையத்தில் முதல் சந்திப்புக்கு அவரையும் அழைத்துப் போய் அவரையே பதில் சொல்ல விடுங்கள், நீங்கள் மொழிபெயருங்கள். தமிழ் பேசும் ஊழியர் யாராவது இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்டால்தான் ஏற்பாடு நடக்கும். தமிழில் வகுப்பு கிடைக்காவிட்டால் உங்களில் ஒருவர் போய்வந்து வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வீட்டில் செய்துகாட்டுங்கள்.

எங்கே தேடுவது? ரெட்ஹில் பக்கம் லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜிலிருந்து, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பு இயங்குகிறது. எந்த உதவி எங்கே என்று முதலில் கேட்க அதுவே பொருத்தமான இடம். ஆட்டிசம் ரிசோர்ஸ் சென்டர், ரெயின்போ சென்டர், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆட்டிசம் சென்டர் ஆகியவற்றிலும் விசாரியுங்கள். கேரிங்எஸ்ஜி என்பது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளைப் பராமரிப்பவர்களே தொடங்கிய அமைப்பு. இதே பாதையைக் கடந்த இன்னொரு பெற்றோரிடம் பேச வேண்டுமென்றால் அங்கே கேளுங்கள். குடும்பத்துக்குள் பேச்சு முட்டி நின்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை நாடலாம்.

பணம்: நீங்கள் காத்திருக்கும் 'எபிக்' தொடக்கநிலைத் தலையீட்டுத் திட்டம் 6 வயது வரையிலானது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் குறையும். பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் உள்ள பணத்தையும் அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் பயன்படுத்தலாம். பயிலரங்குகளுக்குப் பராமரிப்பாளர் பயிற்சி மானியம் உண்டு. பாட்டியோ பணிப்பெண்ணோ போனாலும் கிடைக்கும், ஆனால் பட்டியலில் உள்ள வகுப்புகளுக்கு மட்டும். அதனால் பதிவு செய்யும் முன்பே நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு வாரத்தில் அரை நாளாவது ஓய்வு கொடுங்கள். சனிக்கிழமை காலை மகனை நீங்கள் பார்த்துக்கொள்ள, அவர் கோயிலுக்கோ தேக்காவுக்கோ நிம்மதியாகப் போய்வரட்டும்.

அப்புறம் ஒன்று. ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த சொற்களை அவன் இழந்துவிட்டால், அல்லது கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது திரும்பத் திரும்ப நடந்தால், மருத்துவமனைக்கு உடனே தெரிவியுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். முடிந்தால் கைப்பேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்கு உதவும். இதற்கு அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.