ஆட்டுப்பால் சோப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காஸ்டிக் சோடாவைப் பாலில் போட்டதுமே பால் ஆரஞ்சு நிறமாகி, மூக்கைத் துளைக்கும் நெடி வந்தது. எங்கே தவறு?
– வாசகி, ஈரோடு

பதில்: பால் போதிய குளிர்ச்சியாக இல்லை. காஸ்டிக் சோடா கரையும்போது தானே கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை கருகும். புரதம் சிதைந்து அமோனியா நெடி அடிக்கும். ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பாலும் போதாது. ஐஸ் டிரேயில் ஊற்றி, கட்டியாக உறையவைத்த பால்தான் வேண்டும்.

அரை கிலோ எண்ணெய்க்கான அளவு: தேங்காய் எண்ணெய் 250 கிராம், பாமாயில் 200 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், ஆட்டுப்பால் 180 கிராம், காஸ்டிக் சோடா 75 கிராம். இவ்வளவு எண்ணெயும் முழுக்கச் சோப்பாக மாற 80.5 கிராம் காஸ்டிக் பிடிக்கும். வேண்டுமென்றே 7 சதவீதம் குறைத்திருக்கிறோம். பாதிக்குப் பாதி தேங்காய் எண்ணெய் போட்ட சோப்பு தோலை வறட்டும்; மிஞ்சும் எண்ணெய் அதை ஈடுகட்டும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் பால் கட்டிகளைப் போட்டு, அதை ஐஸ் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வையுங்கள். காஸ்டிக்கை ஒரு டீஸ்பூன் போட்டுக் கிளறி, அது கரைந்த பிறகே அடுத்த டீஸ்பூன். 15 நிமிடமாவது ஆகும். சூடு 30 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திக் காத்திருங்கள். இளமஞ்சள் வரை பரவாயில்லை. கடைசியில் திப்பி திப்பியாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பால் கொழுப்பு அப்போதே சோப்பாக ஆரம்பித்துவிட்டது. ஆனால் கரையாத காஸ்டிக்கும் அதற்குள் ஒளிந்திருக்கலாம் என்பதால், எவர்சில்வர் வடிகட்டி வழியாகவே 35 டிகிரி சூட்டிலுள்ள எண்ணெயில் ஊற்ற வேண்டும்.

பிறகு கை பிளெண்டரை இடையிடையே நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். கரண்டியில் எடுத்துச் சொட்டவிட்டால், விழுந்த கோடு மேற்பரப்பில் சற்று நேரம் நிற்க வேண்டும். அதுதான் ட்ரேஸ், உடனே அச்சில் ஊற்றிவிடலாம். சாதாரண சோப்புக்குப் போலத் துண்டு போர்த்தி மூடக் கூடாது. சர்க்கரை இருப்பதால் உள்ளே சூடேறி வெடிப்பு விடும், சிலசமயம் பொங்கி வழியும். 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கையுறையும் கண் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள். வினிகர், எலுமிச்சைச் சாறெல்லாம் ஊற்றாதீர்கள்.

கேள்வி: வீட்டில் ஃப்ரீசர் இல்லை. வேறு வழி உண்டா?
– வாசகி, மணப்பாறை

பதில்: உண்டு. முதல்முறை செய்கிறவர்களுக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம். 90 கிராம் குளிர்ந்த தண்ணீரில் 75 கிராம் காஸ்டிக்கைக் காற்றோட்டமான இடத்தில் கரையுங்கள். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும். 35 டிகிரிக்கு ஆறியதும் எண்ணெயில் சேர்த்து, கலவை லேசாகத் திரளும்போது 90 கிராம் குளிர்ந்த பாலை ஊற்றி அடியுங்கள். பால் பாதிதான் சேரும், ஆனால் நிறம் வெளுப்பாக வரும்.

கேள்வி: தராசுக்குப் பதில் மில்லி கணக்கில் அளக்கலாமா? தேங்காய் எண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டும் வேண்டாம். 500 மில்லி எண்ணெய் சுமார் 460 கிராம்தான் நிற்கும். அதற்குத் தேவையான காஸ்டிக் 74 கிராம்; நீங்கள் போடுவதோ 75. எண்ணெய் மிஞ்ச வேண்டிய இடத்தில் காஸ்டிக் மிஞ்சிவிடும். நல்லெண்ணெய் கதை இன்னும் மோசம். 250 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 46 கிராம் காஸ்டிக் பிடிக்கும், அதே அளவு நல்லெண்ணெய்க்கு 34 கிராம் கூடப் பிடிக்காது. எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும்.

கேள்வி: சோப்பை வெட்டினால் நடுவில் கருத்த வட்டம், மேலே வெள்ளைப் பொடி. குளிக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வட்டம், நடுப்பகுதி மட்டும் சூடேறியதால் வந்தது; அழகுதான் போச்சு, கெடுதல் இல்லை. மேலே மட்டும் பூத்த பொடி காற்று பட்டு உண்டான சோடியம் கார்பனேட், சுரண்டிவிடலாம். வெட்டிய முகத்திலேயே வெள்ளைக் குழிகள் இருந்தாலோ, தொட்டால் எரியும் நீர் கசிந்தாலோ அது கரையாத காஸ்டிக். குளிக்க ஆகாது.

கேள்வி: எத்தனை நாள் காயவிட வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 4 முதல் 6 வாரம். ஒரு கட்டியை வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் தயார். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் இழுக்கும். டப்பாவில் அடைக்காமல், காற்று படும் தட்டில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். ஆரஞ்சுப் புள்ளிகள் விழுந்து காறல் வாடை வந்தால், பெரும்பாலும் பழைய எண்ணெய்தான் காரணம்.

கேள்வி: ஆட்டுப்பால் சோப்பின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5 என்கிறார்களே? சொறி சிரங்கு போகுமாமே?
– வாசகி, மதுரை

பதில்: காஸ்டிக்கில் செய்த எந்தச் சோப்பும் 9, 10 பிஎச்சில்தான் இருக்கும்; பால் சேர்த்தாலும் அது இறங்காது. சொறிக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அக்கம்பக்கத்தில் விற்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: விற்பனைக்குச் செய்தால் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும். 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில உரிம அதிகாரியிடம் சிஓஎஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்து, சிஓஎஸ்-8 உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும்.