99 சென்டிமீட்டர் நெற்பயிர்: வாசகர் கேள்வி பதில்

வயல் ஆய்வுத் தரவுகளைப் பகுத்தாய்வதில் 26 ஆண்டுகள் வேலை பார்த்த புள்ளியியலாளர், இந்த மாதம் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அம்மா, உயிரித் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் தரவு முழுக்க எக்ஸெலில் இருக்கிறது. கணக்கையும் அதிலேயே போட்டால் போதும் என்கிறார் நெறியாளர். உடன் படிப்பவர்கள் ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியைக் கற்றுக்கொள் என்று நச்சரிக்கிறார்கள். எக்ஸெல் அவ்வளவு மோசமா?
ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்

மோசம் என்று சொல்ல மாட்டேன். வயலிலிருந்து வரும் தாளைப் பார்த்துப் பதிய அதைவிட வசதியான ஒன்றை நான் கண்டதில்லை. இன்றும் அதில்தான் பதிகிறேன். ஆனால் பதிவதோடு நிறுத்திக்கொள்வேன்.

உங்கள் துறையிலிருந்தே ஓர் உதாரணம். செப்டின் குடும்பத்து மரபணுக்களுக்கு செப்ட்1, செப்ட்2 என்று சுருக்கப் பெயர் இருந்தது. மார்ச்1 என்றும் ஒரு மரபணு இருந்தது. இந்தப் பெயர்களை எக்ஸெலில் தட்டி என்டர் அடித்தால் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக மாறிவிடும். 2004இலேயே இதைப் பற்றி எச்சரித்து எழுதினார்கள். 2016இல் ஆஸ்திரேலியாவில் மார்க் ஜீமன் குழுவினர், எக்ஸெலில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த 3,597 ஆய்வுக் கட்டுரைகளைச் சலித்துப் பார்த்தார்கள். 704 கட்டுரைகளில் இந்தத் தவறு இருந்தது. ஐந்துக்கு ஒன்று! கடைசியில், 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். செப்ட்1 இப்போது செப்டின்1. தானாகத் தேதியாக்குவதை நிறுத்திவைக்கும் வசதி எக்ஸெலில் வந்தது 2023இல்தான்.

அடுத்தது பொருளாதாரத்தில் நடந்தது. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதத்துக்குப் போய்விடுகிறது என்றது அது. செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்பில் கொடுத்த பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. கேட்டதும் அவர்கள் தங்கள் எக்ஸெல் கோப்பையே அனுப்பிவிட்டார்கள் (அதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்). திறந்து பார்த்தால், சராசரி போட்ட சூத்திரம் 30ஆவது வரிசையில் தொடங்கி 44இல் நிற்கிறது. 49 வரை போயிருக்க வேண்டும். ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என்று ஐந்து நாடுகள் கணக்கிலேயே வரவில்லை. இந்தத் தவறு மட்டும் விடையை 0.3 சதவீதப் புள்ளி அளவுக்குத்தான் அசைத்தது. சில நாடுகளின் சில ஆண்டுகளை விட்டது, சராசரிக்கு எடை கொடுத்த விதம் எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தியபோது மைனஸ் 0.1 என்பது 2.2 ஆனது. சூத்திரத் தவறை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். தங்கள் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை.

எக்ஸெலில் என்னைப் பயமுறுத்துவது இதுதான். எண் கண்முன்னே இருக்கும், அது எங்கிருந்து வந்தது என்பது செல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஆரில் ஒவ்வொரு படியையும் வரி வரியாக எழுதியாக வேண்டும். மூன்று வருடம் கழித்தும் அதைப் படிக்கலாம், அடுத்தவரும் படிக்கலாம்.

ஆனால் ஆருக்கு மாறிவிட்டால் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 4.0.0 பதிப்புக்கு முன்னால் அதில் ஒரு படுகுழி இருந்தது. எண்கள் நிறைந்த பத்தியில் (நெடுவரிசையில்) யாரோ ஒரே ஒரு இடத்தில் ‘இல்லை’ என்று தட்டியிருந்தால் போதும், அந்தப் பத்தி முழுவதையும் வகைப் பெயர்களாக எடுத்துக்கொள்ளும். பிறகு எண்ணாக மாற்று என்றால் 45.2, 51.7 எல்லாம் போய் 1, 2, 3 என்று வரிசை எண் வரும். சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கைகூட வராது. பழைய நிரலை யாராவது உங்களுக்குக் கொடுத்தால் இதை முதலில் பாருங்கள்.

தரவில் தவறு இருந்தால் மென்பொருளே சொல்லிவிடாதா?
ஆய்வக உதவியாளர், தஞ்சாவூர்

சொல்லாது. எனக்கே நடந்ததைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நெல் ரக ஆய்வு, 240 பாத்திகள். எலி வெட்டியோ பயிர் சாய்ந்தோ அளக்க முடியாமல் போன பாத்திக்கு 99 என்று எழுதுவது அங்கே வழக்கம். தூர்களை (நெற்பயிரின் கிளைத் தண்டுகளை) எண்ணும் காலத்தில் வந்த வழக்கம் அது. ஒரு குத்தில் 99 தூர் வராது, அதனால் பார்த்ததும் தெரிந்துவிடும். அந்த வருடம் பயிரின் உயரத்தை அளந்தார்கள். குட்டை ரக நெல் 99 சென்டிமீட்டர் தாராளமாக வளரும்.

நிரல் எல்லாவற்றையும் கூட்டி வகுத்தது. ஒரு ரகம் மற்றவற்றைவிட மிகச் சீராக வளர்ந்திருப்பதாக விடை வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அறிக்கையில் எழுதினேன், அச்சாகியும் விட்டது. இரண்டு மாதம் கழித்து, வேறொரு வேலைக்காக அந்தப் பத்தியைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன். 98.4, 98.7, 98.9 என்று போய்க்கொண்டிருந்தது, திடீரென்று 99, 99, 99... புள்ளிக்குப் பின்னால் எதுவும் இல்லாமல் 17 முறை. வயல் நோட்டை எடுத்து வரச் சொன்னேன். அந்தப் பதினேழு இடத்திலும் பென்சிலில் ‘எலி’ என்று எழுதியிருந்தது.

எலி அதிகம் வெட்டிய ரகத்தைத்தான் சீரான ரகம் என்று எழுதியிருந்தேன். அன்றிலிருந்து எந்தத் தரவு வந்தாலும் சராசரி போடுவதற்கு முன்னால் அடுக்கிப் பார்ப்பேன், படம் வரைந்து பார்ப்பேன். அளக்காத இடத்தைக் காலியாக விடச் சொல்வேன். முடிந்தால் வயல் நோட்டையும் வாங்கிப் பார்ப்பேன்.

ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் நான். பேரன் பைத்தான் நிரல்மொழியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிக் காட்டினான். 0.30000000000000004 என்று வந்தது. கணினிக்குக் கூட்டல் தெரியாதா?
திருநெல்வேலி

தெரியும் ஐயா. நாம் மூன்றில் ஒன்றை 0.333 என்று எழுதிக்கொண்டே போய் எங்காவது நிறுத்துகிறோம் அல்லவா? கணினி பயன்படுத்தும், 0, 1 மட்டுமே உள்ள இரும எண்ணில் எழுதும்போது பத்தில் ஒன்றுக்கும் அதே கதி. முடிவில்லாமல் போகும், கணினி ஓர் இடத்தில் வெட்டிவிடும். பெரும்பாலும் பாதகமில்லை. வெட்டிய துணுக்கு சேர்ந்துகொண்டே போனால்தான் ஆபத்து. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்புக் கருவி 100 மணி நேரமாக அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பத்தில் ஒரு நொடியாக எண்ணி வந்த அதன் கடிகாரக் கணக்கு 0.34 நொடி விலகியிருந்தது. வந்த ஸ்கட் ஏவுகணையை அது தவறான இடத்தில் தேடியது. 28 ராணுவ வீரர்கள் இறந்தார்கள். பேரனிடம் இதைச் சொல்லுங்கள். தசம எண்கள் இரண்டும் சமமா என்று நிரலில் கேட்கக் கூடாது, வித்தியாசம் மிகச் சிறியதா என்றுதான் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

ஒரே நிரல், ஒரே தரவு. வீட்டு லேப்டாப்பில் ஒரு விடை, துறைக் கணினியில் வேறு விடை. தற்செயல் எண்களுக்கு ஒரே விதை எண்தான் (தொடக்க எண்) கொடுத்திருக்கிறேன். பைத்தியம் பிடிக்கிறது.
ஆய்வு மாணவர், சென்னை

முதலில் இரண்டு கணினியிலும் ஆர் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2019இல் வந்த 3.6.0 பதிப்பில் சாம்பிள் கட்டளை எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றிவிட்டார்கள். பழைய முறையில் சிறு சாய்வு இருந்தது. விதை எண் ஒன்றாக இருந்தாலும் அந்தப் பதிப்புக்கு முன்னும் பின்னும் வேறு வேறு எண்கள் வரும்.

பதிப்பு ஒன்றேதான் என்றால், உங்கள் நிரல் ஒரு அடைவிலிருந்து (ஃபோல்டரிலிருந்து) பல கோப்புகளைப் படிக்கிறதா? இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் பிலிப் வில்லியம்ஸ் குழுவினர் நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுத்த ஒரு பொருளின் கட்டமைப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். வேதியியலில் பலரும் பயன்படுத்தி வந்த, 2014இல் வெளியான பைத்தான் நிரல் ஒன்றை ஓட்டினார்கள். கட்டமைப்பைச் சரிபார்க்க உதவும் எண்ணை அது கணக்கிடும். ஒரே கோப்புகளுக்கு விண்டோஸ் 10 இயங்குதளத்தில் 173.2 வந்தது. உபுண்டுவில் 172.4, மேக் மொஹாவியில் 172.7. வேதியியலாளருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. சரியான கட்டமைப்பை நிராகரித்துவிட இவ்வளவு போதும்.

நிரல் ஒவ்வொரு மூலக்கூறு வடிவத்துக்கும் இரண்டு கோப்புகளைப் படிக்க வேண்டும். இரண்டு பட்டியலும் ஒரே வரிசையில் வரும் என்று நினைத்து எழுதியிருந்தார்கள். பைத்தானில் கோப்புப் பட்டியல் வாங்கும் கட்டளை அந்த உத்தரவாதத்தைத் தருவதே இல்லை. இயங்குதளம் எப்படிக் கொடுக்கிறதோ அப்படியே வாங்கித் தரும். சில கணினிகளில் தற்செயலாகச் சரியாக வந்தது, சிலவற்றில் ஒரு வடிவத்தின் கோப்போடு இன்னொரு வடிவத்தின் கோப்பு ஜோடி சேர்ந்தது. 2019இல் இதை வெளியிட்டார்கள். பட்டியலை வரிசைப்படுத்து என்று ஒரு கட்டளை சேர்த்ததும் சரியாகிவிட்டது.

உங்கள் மேல் தவறு இல்லை. இரண்டாவது கணினியில் ஓட்டிப் பார்த்ததால்தான் உங்களுக்கு இது தெரியவே வந்தது. எத்தனையோ பேர் ஒரே கணினியில் ஓட்டி, ஒரே விடையைப் பார்த்து நிம்மதியாகப் போய்விடுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் நிரலை நம்பலாமா?
மதுரை

நான் எழுதியதையே நம்பாதீர்கள். விடை தெரிந்த பத்து எண்களைக் கொடுத்து ஓட்டுங்கள். கையால் போட்ட கணக்கோடு ஒத்துப் போகிறதா பாருங்கள். அப்புறம் வேண்டுமென்றே ஒரு காலிச் செல், ஒரு எழுத்துப் பிழை, ஒரு மைனஸ் எண் வைத்து ஓட்டுங்கள். அங்கேதான் குட்டு வெளிப்படும்.

அம்மா, போன வருடம் வெளிவந்த என் கட்டுரையில் நிரல் தவறு இருப்பதை இப்போதுதான் கண்டேன். இரண்டு பத்திகள் இடம் மாறியிருக்கின்றன. முக்கிய முடிவே மாறும் போலிருக்கிறது. யாருக்கும் இன்னும் தெரியாது. தூக்கம் வரவில்லை.
பெயர் வேண்டாம்

தம்பி, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

இரண்டு பத்திகள் இடம் மாறுவது பெரிய பெரிய ஆய்வகங்களிலும் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜெஃப்ரி சாங் செல் சவ்விலிருக்கும் புரதங்களின் வடிவத்தைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்றவர். 2006இல் சுவிட்சர்லாந்தில் காஸ்பர் லோக்கர் குழு வெளியிட்ட அதே வகைப் புரதத்தின் வடிவம் அவருடையதோடு பொருந்தவே இல்லை. தேடிப் பார்த்தால், வேறொரு ஆய்வகத்திலிருந்து அவர் கைக்கு வந்திருந்த ஒரு சின்ன நிரல் இரண்டு பத்திகளை இடம் மாற்றியிருந்தது. அதனால் வடிவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலமாகியிருந்தது. 2001இலிருந்து வந்த ஐந்து கட்டுரைகளை அவர் திரும்பப் பெற்றார். தவறு நிரலில் இருந்தது என்று தானே எழுதினார். 2009இல் சயின்ஸ் இதழில் பி-கிளைகோபுரோட்டீன் என்ற செல் சவ்வுப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டதும் அவருடைய குழுதான்.

என் எலிக் கணக்குக்கு நான் செய்ததையும் சொல்கிறேன். துறைத் தலைவரிடம் வயல் நோட்டோடு போய் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எழுதிக் கொடும்மா” என்றார். அடுத்த அறிக்கையில் அரைப் பக்கத் திருத்தம் வந்தது, என் பெயரோடு. அந்த ரகத்தை அடுத்த பருவத்துக்கு வாங்க இருந்த இரண்டு விவசாயிகளுக்கு நானே நேரில் போய்ச் சொன்னேன்.

உங்கள் நெறியாளரிடம் நாளைக்கே போங்கள். போகும்போது மூன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: பழைய நிரல், திருத்திய நிரல், இரண்டும் தரும் விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒரு தாள். திருத்தம் போதுமா, திரும்பப் பெற வேண்டுமா என்பதை அந்தத் தாளைப் பார்த்து இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பிறகு இதழாசிரியருக்கு எழுதுங்கள். என்ன தவறு, எப்படித் தெரிந்தது, எந்த முடிவு மாறுகிறது, எது மாறவில்லை என்று நேராக எழுதினால் போதும். விளக்கம் நீள வேண்டாம். வரைவை அனுப்பும் முன் எனக்குக் காட்ட விரும்பினால் இதழின் முகவரிக்கே அனுப்புங்கள், அன்றைக்கே படித்துச் சொல்கிறேன்.